ஞானமும் நாட்டுப்பணியும்: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

ஆன்மிகம் வேறு, நாட்டு விவகாரம் வேறு என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். இவ்விரண்டையும் ஒரே வாழ்வில் இணைத்துக் காட்டிய பெருமகன் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள்.

எங்கள் வலிகாமத்து மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1853 செப்டெம்பர் 14 ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நிறுவிய பொன்னம்பல முதலியார் அவர்தம் தந்தையார், சேர் பொன். இராமநாதன் தமையனார். கேம்பிரிட்ஜில் கற்று, 1875 இல் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையரானார். 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தியவரும் அவரே.

கேம்பிரிட்ஜில் அவருக்கு நண்பராக வாய்த்தவர் எட்வேட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கில அறிஞர். ஏழை பணக்காரர் பேதமற்ற சமுதாயத்தை நாடிய சமதர்மவாதி அவர். அருணாசலம் அனுப்பிய பகவத் கீதை அவர் சிந்தனையைத் தொட்டது. 1890 இல் இலங்கை வந்த அவரை, அருணாசலம் தம் குருநாதர் இராமசுவாமி அவர்களிடம் அழைத்துச் சென்றார். நல்வாழ்வு எது என்று மேலைநாட்டார் ஒருவர் தமிழ் ஞானி ஒருவரின் காலடியில் அமர்ந்து கேட்ட காலம் அது.

எல்லா உயிரிலும் இறைவன் உறைகின்றான் என்பது சைவர் கொள்கை. அக்கொள்கை தோட்டத் தொழிலாளியின் லயத்தையும் எட்டவேண்டுமல்லவா? அருணாசலம் 1915 இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தையும், 1919 இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் தோற்றுவித்தார். தொழிலாளரைக் கடனாற் பிணைத்த துண்டு முறையை எதிர்த்துப் போராடினார்; 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென 1906 முதல் இயக்கம் நடத்தினார்.

1919 இல் அமைந்த இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைவரும் அவரே. சிங்களரும் தமிழரும் ஒன்றாய் நின்று தன்னாட்சி பெறலாமென நம்பினார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் தருவதாகச் சிங்களத் தலைவர்கள் அளித்த வாக்குறுதி காக்கப்படாதபோது, 1921 இல் மனம் நொந்து விலகினார். பதவியிலும் வாக்கின் தூய்மையே பெரிதெனக் கொண்டார். பின்னர் இலங்கைத் தமிழ் லீக்கை நிறுவி உழைத்தார்.

இந்தியத் திருத்தலங்களைத் தரிசிக்கச் சென்றவிடத்து, 1924 சனவரி 9 ஆம் நாள் மதுரையில் சிவபதமடைந்தார். வழிபாட்டையும் ஊருக்குழைப்பதையும் ஒன்றெனக் கொண்ட அவர்தம் வாழ்வு, தேர்வடம் பிடிக்கும் கைகள் அயலவரின் துயரையும் தொடவேண்டுமென நமக்கு உணர்த்தி நிற்கின்றது.