பால் லாங்கர்ஹான்ஸ்

சிறு பிள்ளைகளின் தலையில் அபூர்வமாய் ஒருவகை வீக்கம் தோன்றுவதுண்டு. எக்ஸ்-ரே படத்தில் மண்டையோடு துளையிடப்பட்டாற்போற் காணப்படும். பெற்றோர் பெரிதும் அஞ்சுவர். ஆயினும் ஓரெலும்பில் ஓரிடத்தில் மாத்திரம் நிற்குமாயின், இவ்வியாதி பெரும்பாலும் உயிர்க்கு ஊறு செய்யாது. சுரண்டியெடுத்தபின்னோ, சிற்சில வேளை தானாகவோ ஆறிவிடும். இவ்வியாதி ஜெர்மானிய வைத்தியராகிய லாங்கர்ஹான்ஸ் பெயரால் வழங்குகின்றது. ஆனால் இதனை ஆராய்ந்தவர் அவரல்லர். அவர் பெயர் இதற்கு வந்த வரலாறு மாணாக்கர் அறியத்தக்கது.

இவர் 1847-ஆம் வருஷம் ஜூலை மாதம் 25-ஆம் தேதி பெர்லின் நகரில் ஒரு வைத்தியரின் மைந்தராய்ப் பிறந்தார். ஜேனாவிலும் பெர்லினிலும் கல்வி பயின்று, பேராசிரியர் விர்ச்சோவின் அன்புக்குப் பாத்திரரானார். 1868-இல், மாணாக்கராயிருக்கையிலேயே, மனிதத் தோலைத் தங்க உப்பினால் நிறமேற்றி நுண்பெருக்காடியில் நோக்கி, கிளைவிட்ட உயிரணுக்கள் சிலவற்றைக் கண்டார். அவை நரம்பைச் சார்ந்தவையென்று கருதினார். அடுத்த ஆண்டில் கணையத்தினுள் சிதறிக்கிடந்த அணுத்திரள்களை விவரித்து, அவற்றின் தொழில் தமக்கு விளங்கவில்லையென்பதை மறையாது எழுதினார்.

பிரைபர்க் சர்வகலாசாலையில் பேராசிரியராய் உயர்ந்த 1874-ஆம் ஆண்டிலேயே க்ஷயரோகம் இவரைப் பற்றியது. பதவியைத் துறந்து மதேரா தீவை அடைந்தார். அங்கும் சோம்பியிருந்தாரல்லர். நோயாளருக்கு வைத்தியஞ் செய்தார். கடற்புழுக்களை ஆராய்ந்து, ஓரினத்திற்குத் தம் ஆசிரியர் பெயரைச் சூட்டினார். 1888-ஆம் வருஷம் ஜூலை 20-ஆம் தேதி, 41 வயது நிரம்ப ஐந்து நாளிருக்கையில், சிறுநீரக நோயால் மரித்தார்.

கணையத்தில் இவர் கண்ட திரள்களே இன்சுலின் ஊறுமிடமென்பது பின்னர் விளங்கிற்று. தோலில் கண்டவை நரம்பணுக்களல்ல, உடலைக் காக்கும் அணுக்களென்பதும் தெளிந்தது. 1961-இல் எலக்ட்ரான் நுண்பெருக்காடியால் அவற்றினுள் கோல்வடிவான நுண்மணிகள் காணப்பட்டன. பிள்ளைகளின் மண்டைப்புண்ணிலுள்ள அணுக்களிலும் அம்மணிகளே காணப்பட்டமையால், வியாதிக்கு இவர் பெயர் வந்தது. 2010-இல் வெளியான ஆராய்ச்சிகளோ, அவ்வணுக்கள் தோலிலிருந்து வந்தவையல்ல, எலும்பு மச்சையில் தோன்றும் இளவணுக்களின் வழி வந்தவையென்று கருதச் செய்தன. பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது.

நண்பர்களே! இவர் தம் தோலணுக்களுக்குக் கற்பித்த பொருள் தவறாயிற்று. ஆயினும் கண்டதைக் கண்டவாறே வரைந்து வைத்தமையால், பின்வந்தோர் அதைக்கொண்டே பிழையைத் திருத்தினர். அவ்வேலையை இவர் செய்தபோது வயது இருபத்தொன்றே.