கம்ப்யூட்டருக்கே ஃப்ரிட்ஜ் கட்டியவர்: யார் இந்த சீமோர் கிரே?

ஏப்ரல், மே வந்தாலே வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளில் டிசைன் வரையும் கம்ப்யூட்டர் அறைக்கு ஏ.சி. நின்றுவிட்டால் முதலில் ஃபேன் சத்தம் ஏறும். அப்புறம் மெஷின் ஸ்லோ ஆகும். கடைசியில் தானாகவே ஆஃப் ஆகிவிடும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, கேஸ் இறங்கிடுச்சு, அடிக்கணும் என்பார்.

இதே பிரச்சினைதான் 1970-களில் உலகின் மிக வேகமான கம்ப்யூட்டரையும் கிட்டத்தட்ட முடக்கிப் போட்டது. அதைக் கட்டியவர் பெயர் சீமோர் கிரே. சூப்பர் கம்ப்யூட்டர்களின் தந்தை என்று அழைக்கப்படுபவர். வேகமான கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் முதலில் நல்ல ஃப்ரிட்ஜ் கட்டத் தெரியணும் என்பதை வாழ்நாள் முழுக்க நிரூபித்த மனிதர்.

யார் இவர்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் சிப்பேவா ஃபால்ஸ் என்ற சின்ன ஊர். அங்கே 1925 செப்டம்பர் 28-ல் பிறந்தார் கிரே. அப்பா சிவில் இன்ஜினியர். சுமார் 10 வயதிலேயே விளையாட்டு மெக்கானிக் செட்டை வைத்து, துளையிட்ட காகித நாடாவை மோர்ஸ் சிக்னலாக மாற்றும் கருவி ஒன்றைச் செய்தார். வீட்டின் அடித்தள அறையையே பிள்ளையின் ஆய்வுக்கூடமாக விட்டுக்கொடுத்தார்கள் பெற்றோர்.

1943-ல் பள்ளிப்படிப்பு முடிந்ததும் இரண்டாம் உலகப் போருக்கு ரேடியோ ஆபரேட்டராக அனுப்பப்பட்டார். முதலில் ஐரோப்பா, பிறகு பிலிப்பைன்ஸ். அங்கே ஜப்பானியர்களின் ரகசியச் செய்திகளை உடைக்கும் வேலை. திரும்பி வந்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்கும், அதன் பிறகு 1951-ல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் முடித்தார்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அதில் ஒன்றில் சேர்ந்து வேலை கற்றுக்கொண்ட கிரே, 1957-ல் தொடங்கப்பட்ட கண்ட்ரோல் டேட்டா கார்ப்பரேஷன் என்ற புது நிறுவனத்துக்கு மாறினார். அங்கிருந்துதான் ஆட்டம் ஆரம்பம்.

வேகத்துக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

கிரேயின் மொத்த வாழ்க்கையும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கம்ப்யூட்டருக்குள் சிக்னல் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஒயர் வழியாகப் போகிறது. ஒளியே ஒரு நானோ விநாடியில் சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும். ஒயருக்குள் ஓடும் சிக்னல் அதைவிடக் குறைவு. அதனால் ஒயர் நீளமாக இருந்தால் சிக்னல் வந்து சேரும்வரை மெஷின் சும்மா காத்திருக்கணும். வேகம் வேண்டுமென்றால் ஒயரைக் குறைக்கணும். ஒயரைக் குறைக்க, பாகங்களை நெருக்கி அடுக்கணும்.

நெருக்கி அடுக்கினால்? சின்ன அறையில் 50 பேரை அடைத்த மாதிரி. சூடு வெளியே போக வழி இருக்காது. ஃபேன் காற்றும் உள்ளே நுழையாது. இங்கேதான் ஃப்ரிட்ஜ் தேவைப்படுகிறது.

1964-ல் வந்த சி.டி.சி. 6600 மெஷினில் சுமார் 4 லட்சம் டிரான்சிஸ்டர்கள். கூட்டல் குறி வடிவத்தில் நிற்கும் அலமாரிகளுக்குள் குழாய்களில் ஃப்ரியான் ஓடியது. அதாவது, அன்றைய ஃப்ரிட்ஜ், ஏ.சி.க்குள் இருந்த அதே வகை கேஸ். இந்தக் குளிர்பதன வேலையைப் பார்த்தவர் டீன் ரௌஷ் என்ற பொறியாளர். விநாடிக்கு சுமார் 30 லட்சம் கணக்குகள் போட்ட 6600-தான் உலகின் முதல் சூப்பர் கம்ப்யூட்டர் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

இதைக் கட்டிய குழுவில் மொத்தமே 34 பேர், துப்புரவுப் பணியாளர் உட்பட. இத்தனை பெரிய ஐ.பி.எம். எப்படித் தோற்றது என்று அதன் தலைவர் தாமஸ் வாட்சன் தன் அதிகாரிகளுக்குக் காட்டமாகக் கடிதம் எழுதியது கம்ப்யூட்டர் வரலாற்றில் பிரபலமான கதை.

வேலையை விட்டார், சொந்தக் கம்பெனி தொடங்கினார்

1969-ல் வந்த 7600-ம் ஹிட். ஆனா அடுத்த மெஷினான 8600 கையைக் கடித்தது. பாகங்களை இன்னும் நெருக்கி அடுக்கப் போய், எங்கோ ஒரு இடத்தில் எப்போதும் ஒரு கோளாறு இருந்துகொண்டே இருந்தது. திரும்ப முதலிலிருந்து டிசைன் செய்யலாம் என்றார் கிரே. அதற்குக் கம்பெனியிடம் பணம் இல்லை.

1972-ல் வெளியேறி, சொந்த ஊரான சிப்பேவா ஃபால்ஸில் கிரே ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். சண்டை போட்டுப் பிரியவில்லை. பழைய கம்பெனியே முதலீடு போட்டது.

கிரே-1: சோபா மாதிரி ஒரு கம்ப்யூட்டர்

மேலே இருந்து பார்த்தால் ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வளைந்த கோபுரம். சுற்றிலும் மெத்தை போட்ட பெஞ்ச். பார்க்க ஹோட்டல் லாபி சோபா போலிருக்கும். இது அழகுக்கு மட்டும் அல்ல. 'சி' வடிவத்தால் உள்பக்க ஒயர்கள் எதுவும் சுமார் 4 அடிக்கு மேல் போகவில்லை. பெஞ்சுக்குள் பவர் சப்ளை ஒளிந்திருந்தது.

எடை 5.5 டன். மெஷின் மட்டும் இழுத்த மின்சாரம் சுமார் 115 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. சுமார் 1.5 கிலோவாட் இழுக்கும் என்று வைத்தால், 75 ஏ.சி.க்கு மேல் ஒரே நேரத்தில் ஓடும் கணக்கு. அத்தனை மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் மாறும்.

அந்தச் சூட்டை வெளியேற்றிய விதம் இதுதான். சர்க்யூட் போர்டுகளுக்கு நடுவே செப்புத் தகடு. அது சூட்டை ஓரத்துக்குக் கடத்தும். ஓரத்தில் செங்குத்தாக நிற்கும் அலுமினியத் தூண்கள். தூண்களுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். குழாய்க்குள் ஃப்ரியான். சூடு பட்டதும் ஃப்ரியான் கொதித்து ஆவியாகி, சூட்டைச் சுமந்துகொண்டு கம்ப்ரஸருக்குப் போகும். அங்கே அழுத்தப்பட்டு, கண்டென்ஸரில் சூட்டை விட்டுவிட்டு, திரவமாகித் திரும்ப வரும்.

6 மாதம் தள்ளிப்போட்ட லீக்

பேப்பரில் எல்லாம் பக்கா. நிஜத்தில் சிக்கல் வந்தது. கம்ப்ரஸர் தேயாமல் ஓட ஃப்ரியானுடன் கொஞ்சம் ஆயில் கலந்திருக்கும். குழாய் இணைப்புகளில் இருந்த நுண்ணிய கசிவு வழியாக அந்த ஆயில் வெளியே வந்து, போர்டுகள் மேல் படிந்தது. படிந்து படிந்து கடைசியில் ஷார்ட் சர்க்யூட்.

புதுக் கம்பெனி. விற்க இன்னும் ஒரு மெஷின்கூட தயாராகவில்லை. போட்ட பணம் கரைந்துகொண்டிருக்கிறது. லீக் ஆன அளவுக்கு கேஸ் ஏற்றி, ஆயிலைத் துடைத்து, வாடிக்கையாளரிடம் தள்ளிவிட்டிருக்கலாம். கிரேயின் குழு அப்படிச் செய்யவில்லை. குழாய்களை அடைக்கப் புது வெல்டிங் முறையை உருவாக்கினார்கள். முதல் மெஷின் சுமார் 6 மாதம் தள்ளிப்போனது.

1976-ல் முதல் கிரே-1 லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்துக்குப் போனது. விநாடிக்கு 16 கோடி கணக்குகள் வரை போட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க வளிமண்டல ஆய்வு மையம் சுமார் 88 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. ஒரு டஜன் விற்றால் போதும் என்று நினைத்த மெஷின், 80-க்கும் மேல் விற்றது.

வீட்டு கம்ப்யூட்டருக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். கேமிங் கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் சிலர் பழைய ஃப்ரிட்ஜ், ஏ.சி. கம்ப்ரஸரை வைத்துத் தாங்களே சிப்புக்குக் குளிர்பதன செட்டப் கட்டுகிறார்கள். தத்துவம் கிரே-1-ல் இருந்ததேதான். சொதப்பும் இடங்களும் அதேதான்.

முதல் இடம் லீக். கேஸ் ஏற்றுவதற்கு முன் குழாய்களில் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். அடுத்து வேக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுசாக இழுக்கணும். ஈரம் தங்கினால் மெல்லிய கேபிலரி குழாயில் ஐஸ் கட்டி அடைத்துவிடும்.

இரண்டாவது, கேஸ் அளவு. குறைந்தால் திரவம் பாதி வழியிலேயே ஆவியாகி, சிப் இருக்கும் இடத்தில் குளிர்ச்சி இருக்காது. அதிகமானால் ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குள் போய் அதை உடைத்துவிடும். அதனால்தான் தராசில் எடை பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சிப் முழு லோடில் ஓடும்போது திரும்பும் குழாயின் வெப்பநிலையைப் பார்த்து சரி செய்கிறார்கள். சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் ட்யூன் செய்தால், வேலை கொடுத்ததும் கணக்கு மாறிவிடும்.

மூன்றாவது, வியர்வை. வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால், சுமார் 22 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் துளிர்க்கும். குளிர்ந்த வாட்டர் பாட்டில் மாதிரி மதர்போர்டும் நனைந்துவிடும். இன்சுலேஷன் இல்லாமல் தொடவே கூடாது. கிரே-1-லும் உறைய வைப்பது நோக்கமில்லை. சூடு ஒரே அளவில் நிற்கணும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. இன்றைய ஆர்-290, ஆர்-32 கேஸ்கள் தீப்பிடிக்கக்கூடியவை. பழைய ஆர்-22 ஓசோன் படலத்தைப் பாதிப்பதால் படிப்படியாக ஒழிக்கப்படுகிறது. பயிற்சி பெற்ற மெக்கானிக் இல்லாமல் வீட்டில் முயற்சி செய்யக் கூடாத வேலை இது.

டெல்லிக்கு வந்த கிரே

1980-களில் பருவமழையைக் கணிக்க இந்தியா கிரே நிறுவனத்தின் எக்ஸ்-எம்.பி. மெஷினைக் கேட்டது. இது கிரே-1-ன் வழிவந்தது, ஆனால் டிசைன் செய்தவர் ஸ்டீவ் சென். அணு ஆயுத ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற சந்தேகத்தில் அமெரிக்கா இழுத்தடித்தது. கேட்டதைவிடச் சக்தி குறைந்த மாடலை, வானிலைக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. 1989-ல் அது டெல்லியில் இயங்கத் தொடங்கியது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குக் கேட்ட மெஷின் கிடைக்கவே இல்லை. அந்த ஏமாற்றத்தின் பின்னணியில் 1988-ல் புனேவில் சி-டாக் உருவானது. விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் பரம் 8000 தயாரானது.

கடைசி ஆண்டுகள்

1985-ல் வந்த கிரே-2-ல் குழாயே இல்லை. சர்க்யூட் முழுவதையும் மின்சாரம் கடத்தாத ஃப்ளூரினெர்ட் திரவத்தில் மூழ்கடித்துவிட்டார் கிரே. வெளியே அந்தத் திரவம் அருவி போல ஓடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

அடுத்த கிரே-3-க்கு சிலிக்கானை விட்டு காலியம் ஆர்சனைடுக்குப் போனார். செலவு எகிறியது. 1989-ல் தனி நிறுவனமாகப் பிரிந்தார். அதற்குள் பனிப்போர் முடிந்து அரசு ஆய்வகங்களின் பட்ஜெட் குறைந்தது. ஆயிரக்கணக்கான சாதாரண சிப்புகளைச் சேர்த்து ஓட்டும் மெஷின்கள் மலிவாக வரத் தொடங்கின. 1993-ல் ஒரே ஒரு கிரே-3 மட்டும் வாடிக்கையாளரிடம் போனது. 1995-ல் கம்பெனி திவால்.

70 வயதிலும் விடவில்லை. 1996-ல் இன்னொரு கம்பெனி தொடங்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 22-ல் கொலராடோ நெடுஞ்சாலையில் அவருடைய ஜீப் விபத்தில் சிக்கியது. அக்டோபர் 5-ல் இறந்தார். வயது 71.

இன்று ஏன் இவரைத் தெரிந்துகொள்ளணும்?

கிரே-1-ஐவிடப் பல நூறு மடங்கு வேகமான ஸ்மார்ட்போனில்தான் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆனா சூடு பிரச்சினை தீரவில்லை. ஏ.ஐ. சிப்புகள் இழுக்கும் மின்சாரத்துக்கு ஃபேன் காற்று போதாமல், டேட்டா சென்டர்கள் மறுபடியும் திரவக் குளிரூட்டலுக்கும், மூழ்கடிக்கும் முறைக்கும் திரும்புகின்றன. கிரே 40, 50 ஆண்டுகளுக்கு முன் போன பாதை.

2018-ல் புனேவிலும் நொய்டாவிலும் வானிலைக் கணிப்புக்காகத் தொடங்கப்பட்ட பிரத்யுஷ், மிஹிர் சூப்பர் கம்ப்யூட்டர்கள் கிரே நிறுவனத் தயாரிப்புகளே. அவர் தொடங்கிய கம்பெனி பலமுறை கைமாறி, 2019-ல் ஹெச்.பி. என்டர்பிரைஸிடம் போய்ச் சேர்ந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

அடுத்த முறை ஏ.சி.யில் கேஸ் இறங்கிவிட்டது என்று சொன்னால், எத்தனை ரூபாய் என்று கேட்பதற்கு முன் லீக் எங்கே என்று கேளுங்கள். மூடிய குழாயில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.