விம்பிள்டனில் வாழ்ந்த இரக்கமுள்ள மனிதர் - வில்லியம் வில்பர்போர்ஸ்

விம்பிள்டன் என்றவுடன் உலகத்துக்கு ரெனிஸ் போட்டிதான் ஞாபகத்துக்கு வரும். எங்கட ஆக்களுக்குக் கணபதி கோயிலும் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இலட்சக்கணக்கான அடிமைகளின் விலங்கு அறுபடப் பாடுபட்ட ஒருவர் இதே ஊரில் வளர்ந்தார் என்பது எம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தான் வில்லியம் வில்பர்போர்ஸ்.

இவர் 1759ம் ஆண்டு ஆகஸ்ட் 24ம் திகதி ஹல் நகரத்தில் ஒரு பணக்கார வியாபாரியின் மகனாகப் பிறந்தார். 1768ல் தகப்பனார் இறந்துபோக, பிள்ளையை விம்பிள்டனில் இருந்த பெரியவர்களான வில்லியம், ஹன்னா தம்பதியர் பொறுப்பெடுத்தார்கள். இவர்கள் தகப்பன் வழி உறவினர். கொமனின் தெற்குப் பக்கத்தில், பிற்காலத்தில் லோரிஸ்டன் ஹவுஸ் என்று அழைக்கப்பட்ட வீடு அவர்களுடையது. இப்போது அந்த வீடு இல்லை. லோரிஸ்டன் றோட் என்ற பெயர் மாத்திரம் மிஞ்சியிருக்கிறது. பக்கத்து ஊரான பட்னியில் உள்ள பள்ளிக்கூடத்தில் பையன் படித்தான்.

ஹன்னா அம்மையார் மிகுந்த பக்தியுள்ளவர். சாமி கும்பிடுவதோடு நின்றுவிடாமல், இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் அவர் பையனின் மனதில் விதைத்தார். பிள்ளை சமயப் பைத்தியமாகப் போய்விடும் என்று பயந்த தாயார் 1771ல் வந்து அவனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் விதைத்த விதை அழியவில்லை.

பிறகு கேம்பிரிட்ஜில் படித்தார். படிப்பைவிடச் சீட்டாட்டமும் விருந்தும்தான் அதிகம். 1780ல் 21 வயதில் பாராளுமன்ற உறுப்பினரானார். அந்தக்கால வழக்கப்படி வாக்குகளுக்காக 8,000 பவுணுக்கு மேல் செலவழித்தார். பெரியப்பாவின் விம்பிள்டன் வீடு இவருக்கே வந்து சேர்ந்தது. பின்பு பிரதமரான வில்லியம் பிட் இவருடைய உற்ற நண்பர், அடிக்கடி இங்கே வந்து தங்குவார்.

1785ல் இவருடைய வாழ்க்கை திரும்பியது. வேதாகமத்தை ஊன்றிப் படித்தார். வாழும் முறை சரியில்லை என்று மனம் உறுத்தியது. அரசியலை விட்டுவிடலாமா என்று ஜோன் நியூட்டன் என்ற போதகரிடம் போய்க் கேட்டார். நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் கப்டனாக இருந்தவர். பாராளுமன்றத்தில் இருந்துகொண்டே தேவனுக்கு ஊழியம் செய்யலாம் என்று அவர் புத்தி சொன்னார். அடுத்த வருடம் வில்பர்போர்ஸ் விம்பிள்டன் வீட்டை விற்றார். ஆடம்பரத்தைக் குறைத்தார். திருமணத்துக்கு முன் தன் வருமானத்தில் காற்பங்கை ஏழைகளுக்குக் கொடுத்து வந்தார். வேலை செய்ய முடியாமல் முதுமையடைந்த வேலைக்காரரைக் கூட வீட்டை விட்டு அனுப்ப மாட்டார்.

அந்த நாளில் ஆபிரிக்க மக்களைப் பிடித்து, கப்பலில் மரக்கட்டை அடுக்குவது போல அடுக்கி, மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு விற்றார்கள். வழியிலேயே பலர் செத்தார்கள். இங்கிலாந்தில் தேநீருக்குப் போட்ட சீனியில் அவர்களின் இரத்தம் இருந்தது. தோமஸ் கிளாக்சன் ஊர் ஊராகக் குதிரையில் போய்ச் சாட்சியங்களைச் சேர்த்தார். அடிமையாக இருந்து விடுதலையான ஒலாடா எக்குவியானோ 1789ல் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். சாதாரண குடும்பங்கள் அந்தச் சீனியை வாங்காமல் விட்டன. இவர்கள் எல்லோருடைய குரலையும் பாராளுமன்றத்துக்குள் கொண்டுபோனவர் வில்பர்போர்ஸ்.

இலகுவில் வெல்லவில்லை. 1791ல் 163க்கு 88 என்று தோற்றார். 1796ல் நான்கே நான்கு வாக்கால் தோற்றார். ஆதரவாளர் சிலர் அன்றிரவு இசை நாடகம் பார்க்கப் போயிருந்தார்களாம்! கண் பார்வை மங்கி, வயிற்று நோயால் வருந்தியும் அவர் விடவில்லை. கடைசியில் 1807ல் 283க்கு 16 என்ற பெரும்பான்மையால் அடிமை வியாபாரம் தடை செய்யப்பட்டது. அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் நிறைவேறப் போகிறது என்ற செய்தி 1833ல் அவருக்கு மரணப் படுக்கையில் கிடைத்தது. மூன்று நாள் கழித்து, ஜூலை 29ம் திகதி கண்ணை மூடினார். மகனின் கடனால் சொத்தெல்லாம் போய், சொந்த வீடு கூட இல்லாமல்தான் இறந்தார்.

அவரைத் தெய்வமாக்கத் தேவையில்லை. 1799ல் தொழிலாளர் சங்கங்களைத் தடைசெய்த சட்டத்தை ஆதரித்தவரும் இவரேதான். கைவேலை செய்து சீவிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது கசப்பான விசயம். தூரத்து அடிமைக்கு இரங்கிய கண்ணுக்குப் பக்கத்து மில் தொழிலாளியின் கஷ்டம் சரியாகத் தெரியவில்லை. 1833ம் ஆண்டுச் சட்டத்திலும் 2 கோடி பவுண் நட்டஈடு முதலாளிகளுக்குத்தான் போனது. அடிமையாக இருந்தவனுக்கு ஒரு சதமும் இல்லை.

இன்னொன்றையும் நாங்கள் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சட்டம் இலங்கைக்குப் பொருந்தவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்திலும் அடிமைகள் இருந்தார்கள். 1707ல் எழுதப்பட்ட தேசவழமைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. எங்கட ஊரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844ல்தான். ஆனால் கிணற்றடியிலும் கோயில் வாசலிலும் சாதி என்ற பெயரில் அது பிறகும் எவ்வளவு காலம் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். 1799ல் தொடங்கிய சி.எம்.எஸ். மிஷனின் ஸ்தாபகர்களில் வில்பர்போர்ஸும் ஒருவர். அந்த மிஷன்தான் யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியை 1823ல் ஆரம்பித்தது. ஆகவே அவர் எங்களுக்கு முற்றிலும் அந்நியர் அல்லர்.

கிறிஸ்தவ சீவியம் என்பது ஞாயிறு காலை ஒரு மணித்தியாலம் அல்ல. எங்களுக்கு ஒரு பிரயோசனமும் செய்ய முடியாதவனுக்கு நாங்கள் செய்வதுதான் என்பதை இவருடைய வாழ்க்கை காட்டுகிறது. சைவ சமயத்தவருக்கும் இது பொருந்தும். அகதியாக வந்து நின்றபோது படிவம் நிரப்பித் தந்தவர்கள், கம்பளிச் சட்டை தந்தவர்கள் எங்களிடம் என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்கவில்லை. இன்று எங்கள் தொழிற்சாலைகளில் வேறு நாடுகளிலிருந்து புதிதாக வந்தவர்கள் பாஷை தெரியாமல் முழிசிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிப்பதா, மெசினை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுப்பதா? முடிவு எங்கள் கையில்தான் இருக்கிறது.

இந்தச் சித்திரைப் புத்தாண்டில் கைவிசேஷம் கொடுக்கும்போது, எங்கள் வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவருக்கும் கொடுப்போம். அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.