களிமண்ணில் பிறந்த மகிழுந்து

(உரைநடை – வாழ்க்கை வரலாறு)

நுழையும் முன்

நெடுஞ்சாலையில் செல்லும் சரக்குந்து ஒன்றை உற்றுப் பாருங்கள். அதன் நெற்றியில் பூங்கொடி. பக்கப் பலகையில் தோகை விரித்த மயில். பின்புறம் காற்றில் ஆடும் கருங்குஞ்சம். ஆலையிலிருந்து வெளிவந்தபோது அவ்வண்டியில் இவை எவையும் இருந்திருக்கமாட்டா. தன் வண்டி ஏனைய வண்டிகளைப் போல் இருத்தல் கூடாது என்னும் ஆசையே இவற்றைச் சேர்த்தது. அந்த ஆசையைத் தம் தொழிலாகக் கொண்டு, மகிழுந்துகளின் உருவத்தையே மாற்றியமைத்த ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

வண்டி கட்டும் குடும்பம்

ஹார்லி ஏர்ல் 1893ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள ஹாலிவுட்டில் பிறந்தார். அவர்தம் தந்தையார் மிச்சிகன் மாநிலத்திலிருந்து வந்து அங்குக் குடியேறியவர். குதிரை வண்டி கட்டுவதில் தேர்ந்தவர். 1889ஆம் ஆண்டு அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு வண்டிப் பட்டறையைத் தொடங்கினார். காலம் மாறியது, தெருக்களில் குதிரைகள் குறைந்து எந்திர வண்டிகள் பெருகின. தந்தையாரும் காலத்தோடு மாறினார். 1908ஆம் ஆண்டு அப்பட்டறை மகிழுந்துக்கு உடல் கட்டும் பட்டறையாயிற்று.

அந்நாளில் செல்வர்கள் மகிழுந்தை இரண்டு படிகளில் வாங்கினர். எந்திரமும் சக்கரமும் பொருந்திய அடிச்சட்டத்தை ஒரு நிறுவனத்திடம் வாங்குவர். பின்னர் அதனைப் பட்டறைக்குக் கொண்டு சென்று, தம் விருப்பம்போல் மேலுடல் கட்டிக்கொள்வர். ஆடைக்குத் துணி எடுத்துத் தையற்காரரிடம் கொடுப்பது போன்றதே இது.

மரத்தூளும் வண்ணப்பூச்சின் மணமும் நிறைந்த அப்பட்டறையே ஹார்லியின் முதற்பள்ளி. இளமையில் ஒருமுறை மலைப்பகுதியில் தங்கியிருந்தபோது, மழையில் குழைந்து கிடந்த களிமண்ணை எடுத்து அவர் சிறுசிறு வண்டிகளாக உருட்டி விளையாடினார் என்பர். பின்னாளில் அவருக்குப் புகழ் தந்த கருவியும் அதே களிமண்தான். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் அவர் படிப்பை முடிக்கவில்லை. தந்தையாரின் பட்டறைக்கே திரும்பினார்.

திரை நடிகர்களின் வண்டிகள்

ஹாலிவுட்டில் அப்போது திரைப்படத் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. நடிகர்கள் தெருவில் சென்றாலும் திரையில் தோன்றுவது போலவே தோன்ற விரும்பினர். அவர்கள் ஹார்லியை நாடி வந்தனர். பெரிய உடலினரான நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளுக்காக, பியர்ஸ்-ஆரோ வண்டியின் அடிச்சட்டத்தின்மீது காண்போர் வியக்கும் பேருடல் ஒன்றை அவர் வடிவமைத்தார். குதிரைவீரராக நடித்துப் புகழ்பெற்ற டாம் மிக்ஸின் வண்டியிலோ, உண்மையான தோல் சேணம் ஒன்றையே பொருத்தினார். அந்நடிகரின் பெயரின் முதலெழுத்துகளையும் வண்டியில் தீட்டுவித்தார்.

எந்திர வண்டிக்குக் குதிரைச் சேணம் எதற்கு? கண்டவர் சிரித்திருப்பர். ஆயினும் அச்சேணம் ஹார்லிக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. மனிதர் வண்டியில் பயணத்தை மட்டும் தேடுவதில்லை, தம்மையும் தேடுகின்றனர். தாம் யார் என்பதை வண்டி சொல்லவேண்டும் என எதிர்பார்க்கின்றனர்.

1919ஆம் ஆண்டு, காடிலாக் வண்டிகளை விற்றுவந்த டான் லீ என்பவர் அப்பட்டறையை விலைக்கு வாங்கினார். ஹார்லியை அதன் பொறுப்பிலேயே தொடரச் செய்தார். ஒருநாள் காடிலாக் நிறுவனத் தலைவர் லாரன்ஸ் ஃபிஷர் அங்கு வந்தார். பிற பட்டறைகளில் மரச்சட்டத்தையும் உலோகத் தகட்டையும் கொண்டு மாதிரி செய்வது வழக்கம். இங்கோ ஓர் இளைஞர் களிமண்ணைப் பிசைந்து வண்டியின் வடிவத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். தகட்டை மாற்றி அமைக்க நாள்கள் ஆகும்; களிமண்ணையோ கட்டைவிரலால் மாற்றலாம். மேலும், முகப்பு, உடல், சக்கரக் காப்பு ஆகியவை தனித்தனியே ஒட்டவைத்தவை போல் தோன்றாமல், ஒரே உடலாக ஓடிவந்தன. ஃபிஷர் அந்த இளைஞரை மறக்கவில்லை.

டெட்ராய்ட் நகரில்

ஃபிஷரின் அழைப்பை ஏற்று ஹார்லி ஏர்ல், மகிழுந்துத் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டுக்குச் சென்றார். அந்நகரம் அமைந்திருப்பது மிச்சிகன் மாநிலத்தில். தந்தையார் விட்டுவந்த மண்ணுக்கு மகன் தொழில் தேடிச் சென்றதை எண்ணிப் பாருங்கள். அங்கு அவர் வடிவமைத்த லசால் என்னும் மகிழுந்து 1927ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அதுவரை ஒரு செல்வருக்கு ஒரு வண்டி என இருந்த அழகு, ஆலையில் பல்லாயிரவருக்காக உருவாகும் வண்டிக்கும் வந்து சேர்ந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன், அதே ஆண்டில் கலை மற்றும் வண்ணப் பிரிவு என்னும் புதிய துறையைத் தோற்றுவித்து, அதற்கு ஹார்லியைத் தலைவராக்கினார். ஏறத்தாழ 50 பேர் அதில் பணியாற்றினர். பொறியாளர்களோ அத்துறையை அழகுநிலையம் எனக் கேலி செய்தனர். எந்திரம் நன்றாக ஓடினால் போதாதா, உருவத்திற்கு ஒரு துறை வேண்டுமா என்பது அவர்கள் எண்ணம்.

ஓர் அங்குலத்தின் விலை

1929ஆம் ஆண்டுக்குரிய பியூக் வண்டியை ஹார்லி வடிவமைத்தார். கண்ணாடிக்குக் கீழே பக்கத் தகடு சற்றே வெளிப்புறம் வளைந்து வரும்படி அமைத்திருந்தார். அவ்வளைவு ஓர் அங்குலத்தைச் சற்றே கடந்தது; அவ்வளவே. ஆனால் வரைபடம் ஆலையை அடைந்தபின், அவரைக் கேளாமலே அளவுகள் மாற்றப்பட்டன. பக்கத் தகட்டின் அடிப்பகுதி உள்ளே இழுக்கப்பட்டது. உயரம் 5 அங்குலம் கூட்டப்பட்டது. நளினமாக இருக்கவேண்டிய வளைவு வீக்கமாகத் தெரிந்தது. வயிறு புடைத்த வண்டி என மக்கள் நகைத்தனர். விற்பனை சரிந்தது. அவ்வடிவம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது.

ஹார்லி கடுஞ்சினம் கொண்டார். ஆயினும் சினத்தோடு நின்றுவிடாமல், தவறு நிகழ்ந்த வழியை ஆராய்ந்தார். வரைபவரும் கட்டுபவரும் ஒருவரோடொருவர் கலந்து பேசாவிடில், இருவர்தம் உழைப்பும் வீணாகும் என்பதைக் கண்டார். அதன்பின் தம் துறையின் வடிவங்கள் ஆலையில் சிதையாதவாறு தம் பிரிவின் செல்வாக்கை வளர்ப்பதில் கருத்தாக இருந்தார். 1940ஆம் ஆண்டு அவர் அந்நிறுவனத்தின் துணைத்தலைவரானார். வடிவமைப்பாளர் ஒருவர் அப்பதவியைப் பெற்றது அதுவே முதன்முறை.

கனவு வண்டிகள்

1938ஆம் ஆண்டு அவர் பியூக் ஒய்-ஜாப் என்னும் வண்டியை உருவாக்கினார். அது விற்பனைக்கு உரியதன்று. நாளைய வண்டி எவ்வாறு இருக்கும் என்பதை இன்றே செய்து பார்க்கும் முயற்சி அது. அதன் முகப்பு விளக்குகள் வேண்டாதபோது மறைந்துகொள்ளும். சன்னல் கண்ணாடிகள் விசையால் ஏறி இறங்கும். மேற்கூரை மடிந்து, உலோக மூடியின்கீழ் ஒளிந்துகொள்ளும். இக்கனவு வண்டியை அவர் காட்சிக்கூடத்தில் பூட்டி வைக்கவில்லை. பல ஆண்டுகள் தாமே ஓட்டிச் சென்றார். தெருவில் நிற்போரின் வியப்பே அவருக்குத் தேர்வுத்தாளாக இருந்தது.

ஒருமுறை அவரும் அவர்தம் குழுவினரும் இரட்டை வால் கொண்ட பி-38 போர் விமானத்தைக் கண்டனர். அதன் வாலழகு அவர்கள் உள்ளத்தில் பதிந்தது. 1948ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் வண்டியின் பின்புறத்தில் இரண்டு சிறிய வால்துடுப்புகள் முளைத்தன. நிலத்தில் ஓடும் வண்டிக்கு வானூர்தியின் வால்! முதலில் சிலர் தயங்கினர். விரைவில் பலரும் விரும்பினர்.

1951ஆம் ஆண்டு வெளிவந்த லெ சேபர் என்னும் கனவு வண்டி, தாரை விமானத்தை ஒத்த முகத்தைக் கொண்டிருந்தது. வண்டி நிற்கும்போது மழைத்துளி விழுந்தால், இருக்கைகளுக்கு இடையே இருந்த உணரி அதனை அறிந்து கூரையைத் தானே மூடும். 1954ஆம் ஆண்டு காட்சிக்கு வந்த ஃபயர்பேர்டு, சிறகும் வாலும் கொண்டு விமானமாகவே தோன்றியது. அதில் ஒருவர் மட்டுமே அமரலாம். 370 குதிரைத்திறன் கொண்ட வளிமச் சுழலி அதனை இயக்கியது. பின்புறம் வெளியேறும் காற்றின் வெப்பமோ 600 பாகை செல்சியசையும் கடந்தது. அத்தகைய வண்டியை அங்காடித் தெருவில் ஓட்ட இயலுமா? இயலாது. ஆயினும் கனவு வண்டிகளில் சோதிக்கப்பட்ட பல கூறுகள் பிற்காலத்தில் எளிய மக்களின் வண்டிகளிலும் இடம்பெற்றன. இன்று ஒரு விரலால் சன்னல் கண்ணாடியை இறக்கும்போது, மறைந்து ஒளிரும் விளக்கைக் காணும்போது, அவர்தம் முயற்சியை நினைவுகூரலாம். கண்ணாடி இழையால் உடல் கட்டப்பட்ட கார்வெட் என்னும் வண்டியும் அவர் முயற்சியால் பிறந்ததே. 1953ஆம் ஆண்டு அவ்வகையில் 300 வண்டிகள் மட்டுமே செய்யப்பட்டன.

மாற்றியவர் மாறினார்

புதுமைக்கும் ஒரு விலை உண்டு. ஆண்டுதோறும் உருவத்தை மாற்றினால் மக்கள் ஆண்டுதோறும் புதுவண்டியை நாடுவர் என்பது அந்நிறுவனத்தின் வணிக வழி. அதனால் நன்றாக ஓடிய வண்டியும் பழையதாகக் கருதப்பட்டது. நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட, வால்துடுப்புகள் வளர்ந்துகொண்டே சென்று 1959ஆம் ஆண்டுக்குரிய காடிலாக்கில் உச்சத்தை எட்டின. கூர்மையான துடுப்புகள் தெருவில் நடப்போரைக் காயப்படுத்தும் என்று 1965ஆம் ஆண்டு ரால்ஃப் நேடர் தம் நூலில் குறை கூறினார். அக்குறையில் நியாயம் இருந்தது.

ஹார்லி ஏர்லுக்கும் ஒரு சோதனை வந்தது. அவர் வடிவமைத்த வண்டிகளில் நாளடைவில் பளபளக்கும் குரோமியப் பூச்சு மிகுந்து, உருவம் பருத்தது. 1956ஆம் ஆண்டு அவர் ஐரோப்பாவுக்குச் சென்றிருந்தபோது, அவர்தம் இளம் உதவியாளர்கள் போட்டி நிறுவனத்தின் புதிய வண்டிகளைக் காண நேர்ந்தது. அவை மெலிந்தும் நீண்டும் இருந்தன. தங்கள் வடிவங்கள் பழமையாகிவிட்டதை உணர்ந்த அவர்கள், தலைவர் இல்லாத வேளையில் எல்லாவற்றையும் புதிதாக வரையத் தொடங்கினர்.

ஹார்லி திரும்பி வந்தார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அதட்டும் இயல்பும் கொண்ட அவரைக் கண்டு அனைவரும் அஞ்சினர். முன்பு ஓர் அங்குல மாற்றத்திற்கே சினந்தவர் அல்லரோ? அவரோ புதிய வடிவங்களைச் சுற்றிப் பார்த்தார். பின்னர் இளைஞர்கள் சென்ற வழியையே தம் துறையின் வழியாக ஏற்றுக்கொண்டார். பிறர் படைப்பை மாற்றிப் புகழ்பெற்றவர் பலர். தம் படைப்பைப் பிறர் மாற்ற இடங்கொடுத்தவர் சிலரே.

1958ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பணி ஓய்வு பெற்றார். 1969ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் தமது 75ஆம் வயதில் மறைந்தார். அமெரிக்காவின் டேட்டோனா 500 மகிழுந்துப் பந்தயத்தில் வழங்கப்படும் வெற்றிக்கோப்பை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் உச்சியில் ஃபயர்பேர்டு வண்டியின் சிறுவடிவம் அமைந்துள்ளது.

மாணவர்களே! களிமண் ஈரமாக இருக்கும்வரைதான் அதற்கு வேறொரு வடிவம் தர இயலும். மனமும் அத்தகையதே. ஊர் மாறினும் தொழில் மாறினும் உள்ளத்தின் ஈரம் காயாமல் காத்துக்கொள்வோம்.

சொல்லும் பொருளும்

அடிச்சட்டம் – வண்டியின் உடலைத் தாங்கும் கீழ்ப்பகுதி
சேணம் – குதிரையின் முதுகில் இடும் இருக்கை
நளினம் – மென்மையான அழகு
தாரை விமானம் – காற்றைப் பின்னோக்கி உமிழ்ந்து முன்செல்லும் விமானம்
உணரி – மாற்றத்தை அறிந்து தெரிவிக்கும் கருவி
வளிமச் சுழலி – சூடான வளிமத்தால் சுழன்று இயங்கும் பொறி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. அக்காலச் செல்வர்கள் மகிழுந்தை எவ்வாறு வாங்கினர்?
2. தகட்டைவிடக் களிமண் மாதிரிக்கு ஏற்றதாக இருந்தது ஏன்?
3. டாம் மிக்ஸின் வண்டி ஹார்லிக்கு உணர்த்திய உண்மை யாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. 1929ஆம் ஆண்டு நிகழ்ச்சியையும் 1956ஆம் ஆண்டு நிகழ்ச்சியையும் ஒப்பிடுக.
2. ஆண்டுதோறும் உருவத்தை மாற்றுவது நன்றா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
கட்டைவிரல், வெற்றிக்கோப்பை, முதலெழுத்து, வாலழகு

ஈ. செய்து பார்ப்போம்.
உங்கள் வீட்டிலுள்ள முதியவர் ஒருவருக்கு ஏற்ற வண்டியைக் களிமண்ணில் செய்க. அவர் ஏறவும் இறங்கவும் எளிதாக நீங்கள் செய்த மாற்றங்களைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதி, வகுப்பில் படித்துக் காட்டுக.