பிரீட்ரிக் மீஷர்

பிரீட்ரிக் மீஷர் (ஆகஸ்ட் 13, 1844 – ஆகஸ்ட் 26, 1895) சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் உடலியங்கியல் அறிஞரும் ஆவார். 1869 ஆம் ஆண்டில் வெள்ளையணுக்களின் கருக்களிலிருந்து, அதுவரை அறியப்படாத ஒரு வேதிப்பொருளை இவர் பிரித்தெடுத்து, அதற்கு நியூக்கிளின் எனப் பெயரிட்டார். இன்று டி.என்.ஏ என அறியப்படும் மூலக்கூறே அதன் முதன்மைக் கூறு ஆகும்.

இளமையும் கல்வியும்

மீஷர் பாசெல் நகரில் பிறந்தார். இவரது தந்தையும், தாய்மாமன் வில்ஹெல்ம் ஹிஸ்ஸும் பாசெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களாக இருந்தவர்கள். மீஷர் 1868 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். செவித்திறன் குறைந்திருந்ததால், நோயாளிகளைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவத் தொழில் தமக்குக் கடினமாகும் எனக் கருதி ஆராய்ச்சித் துறையைத் தேர்ந்தெடுத்தார். திசுக்களின் வளர்ச்சி பற்றிய அடிப்படைக் கேள்விகளுக்கு வேதியியலே விடை தரும் என்ற ஹிஸ்ஸின் கருத்தும் இம்முடிவுக்குத் துணையாக அமைந்தது.

நியூக்கிளின் கண்டுபிடிப்பு

1868 இல் மீஷர் செருமனியின் டூபிங்கன் நகருக்குச் சென்று, பெலிக்ஸ் ஹோப்பே-செய்லரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அவ்வாய்வகம் ஒரு பழைய கோட்டையில் இருந்தது. மீஷர் பணிபுரிந்த அறை முற்காலத்தில் கோட்டையின் சமையலறையாக இருந்த இடம்.

உயிரணுக்களின் வேதியியல் அமைப்பை அறிவதே அவரது நோக்கம். நிணநீர் முடிச்சுகளிலிருந்து போதிய அளவில் உயிரணுக்கள் கிடைக்கவில்லை. எனவே அறுவை மருத்துவமனையில் கழித்த கட்டுத்துணிகளைப் பெற்று, அவற்றில் இருந்த சீழிலிருந்து வெள்ளையணுக்களைச் சேகரித்தார். அணுக்கள் சிதையாமல் இருக்க அவற்றைச் சோடியம் சல்பேட்டுக் கரைசலில் கழுவினார். பின்னர் நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தையும், பன்றியின் இரைப்பையிலிருந்து பெற்ற பெப்சின் நொதியையும் கொண்டு புரதங்களை நீக்கிக் கருக்களைத் தனிப்படுத்தினார்.

கருக்களிலிருந்து கிடைத்த பொருள் காரத்தில் கரைந்தது. அமிலம் சேர்த்தபோது வீழ்படிவானது. பெப்சினால் அது செரிக்கப்படவில்லை. பாஸ்பரஸ் மிகுந்திருந்ததாலும் புரதங்களுக்குரிய கந்தகம் காணப்படாததாலும் இது புரதம் அன்று, புதியதொரு பொருள் என்ற முடிவுக்கு மீஷர் வந்தார். ஹோப்பே-செய்லர் இச்சோதனைகளைத் தாமே மீண்டும் செய்து உறுதிப்படுத்திய பின்னரே, 1871 இல் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார்.

பாசெலில் ஆய்வுகள்

மீஷர் 1872 இல் பாசெல் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியரானார். அந்நகர் வழியே பாயும் ரைன் ஆற்றில் அக்காலத்தில் சால்மன் மீன்கள் நிறைந்திருந்தன. விந்தணுவின் தலைப்பகுதி பெரும்பாலும் கருவே என்பதால், நியூக்கிளினைப் பெறுவதற்கு அது சிறந்த மூலமாக அமைந்தது. வெப்பத்தில் நியூக்கிளின் சிதைந்துவிடும். ஆகவே குளிர்காலத்தில், சூடேற்றப்படாத அறைகளில் விடியலுக்கு முன்பே பணியைத் தொடங்குவது அவரது வழக்கமாயிற்று. 1874 இல் இவ்வாய்வை வெளியிட்டபோது, நியூக்கிளினுடன் இணைந்திருந்த ஒரு காரப்பொருளுக்குப் புரோட்டமின் எனப் பெயரிட்டார்.

கருத்தரிப்புக்கு ஒரு தனிப்பொருள் காரணம் எனில், அது நியூக்கிளினாகவே இருத்தல் வேண்டும் என அவர் அக்கட்டுரையில் குறிப்பிட்டார். ஆயினும் ஒரே பொருள் இத்தனை உயிரினங்களின் வேறுபாடுகளை உண்டாக்கும் என்பதை அவரால் ஏற்க இயலவில்லை. சில எழுத்துக்களைக் கொண்டு எல்லாச் சொற்களையும் அமைப்பது போல, பெரிய மூலக்கூறுகளின் அமைப்பு வேறுபாடுகள் மரபுப் பண்புகளைக் குறிக்கலாம் என்று 1892 இல் ஹிஸ்ஸுக்கு எழுதினார். ஆனால் அவர் மனதில் கொண்டிருந்தது புரதங்களையே.

நன்னீரில் உணவு உண்ணாத சால்மன், தன் உடல் தசைகளைக் கரைத்தே இனப்பெருக்க உறுப்புகளை வளர்க்கிறது என்பதையும் மீஷர் கண்டறிந்தார். சுவாசத்தை ஒழுங்குபடுத்துவது இரத்தத்திலுள்ள கரியமில வாயுவின் அளவே என 1885 இல் காட்டினார்.

மறைவும் தாக்கமும்

காசநோயால் பாதிக்கப்பட்ட மீஷர், தமது 51 ஆம் வயதில் டாவோஸ் நகரில் காலமானார். அவரது ஆய்வுகளை ஹிஸ் தொகுத்து 1897 இல் வெளியிட்டார்.

1889 இல் ரிச்சர்ட் ஆல்ட்மன் புரதம் நீக்கிய நியூக்கிளினைப் பெற்று, நியூக்கிளிக் அமிலம் எனப் பெயரிட்டார். அதன் காரக்கூறுகளை ஆராய்ந்த ஆல்பிரெக்ட் கோசெல் 1910 இல் நோபல் பரிசு பெற்றார். மரபுச் செய்தியைத் தாங்குவது டி.என்.ஏ என்பதற்கு 1944 இல் ஆஸ்வால்ட் ஏவரி குழுவினர் சான்றளித்தனர். 1953 இல் வாட்சன், கிரிக் ஆகியோர் அதன் இரட்டைச் சுருள் அமைப்பை முன்வைத்தனர். எனினும், முடிவுகளை வெளியிடத் தயங்கும் இயல்புடைய மீஷரின் பெயர் நெடுங்காலம் பரவலாக அறியப்படவில்லை. டூபிங்கனிலும் பாசெலிலும் உள்ள ஆய்வு நிறுவனங்கள் இவரது பெயரைத் தாங்கியுள்ளன.