மோனிகாவின் பேரன்

மரபியல் பயிலும் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெரியவர் வரலாற்றைப் படித்தாலும் அவருடைய பாட்டி யார் என்று தேடுவேன். அப்படித் தேடிக் கண்ட ஒருவரைத் தோழர்களுக்கு அறிமுகம் செய்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையை ஆண்ட டச்சுக்காரர் சைமன் வான் டெர் ஸ்டெல். பெற்றோர் மொரீஷியஸ் தீவுக்குச் செல்லும் வழியில், 1639-ல் நடுக்கடலில் பிறந்தார். தந்தை அத்தீவின் தலைவர். 1646-ல் இலங்கையில் கண்டி அரசரின் படையினரால் கொல்லப்பட்டார். பட்டேவியாவில் வளர்ந்த சைமன் ஹாலந்து சென்றார். 1679-ல் நன்னம்பிக்கை முனைக்குத் தலைவராக வந்தார். அவ்வாண்டே தம் பெயரால் ஸ்டெல்லன்பாஷ் என்னும் ஊரை நிறுவினார். ஓக் மரங்களை நட்டார். திராட்சைத் தோட்டங்களை வளர்த்தார். 1691-ல் ஆளுநரானார். 1699-ல் அவர் மகன் ஆளுநரானார். பின்னர்த் தம் கான்ஸ்டான்ஷியா பண்ணையில் வாழ்ந்து 1712-ல் மறைந்தார்.

இவருடைய தாய் மரியா லீவன்ஸ். மரியாவைப் பெற்றவளோ மோனிகா. இந்தியக் கடற்கரையைச் சேர்ந்த அடிமைப் பெண் என்பர் ஆராய்ச்சியாளர். பாட்டியிடமிருந்து பேரனுக்கு மரபணுக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வந்து சேரும்.

கான்ஸ்டான்ஷியா நிலத்தை 1685-ல் சைமனுக்கு வழங்கியவர், மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பெருநூலாக்கிய வான் ரீட். அதே ஆண்டில் அவரே, கலப்பற்ற அடிமைகுலப் பெண்களை ஐரோப்பியர் மணப்பதைத் தடை செய்தார். அந்த விதிப்படி மோனிகா எந்த ஐரோப்பியனுக்கும் மனைவியாகத் தகாதவள். அந்த விதி நடந்த நாட்டை ஆண்டவரோ மோனிகாவின் பேரன்! அவர் பண்ணையில் உழைத்தவர்களும் அடிமைகளே. 1949-ல் அந்நாட்டு வெள்ளையர் அரசு கலப்பு மணத்தைக் குற்றமாக்கியது. 1985-ல்தான் அச்சட்டம் நீங்கியது. தூய இரத்தம் பேசியவர்கள் தங்கள் முன்னோடியின் பாட்டியை எண்ணிப் பார்க்கவில்லை.

இனி என் கதை. பிழைப்புத் தேடி வடக்கே வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தாவுக்கு மேல் மூன்று தலைமுறை ஆண்களின் பெயர்களை அப்பா தடையின்றிச் சொல்வார். பாட்டியின் தாய் பெயரைக் கேட்டேன். வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. அடிமையாய்ப் போன மோனிகாவின் பெயர் மூன்று நூற்றாண்டுக்கு மேலாகியும் ஏட்டில் தங்கியது. சொந்த ஊரில் சொந்த வீட்டில் வாழ்ந்த என் கொள்ளுப்பாட்டியின் பெயர் அந்த வீட்டிலேயே தொலைந்தது.

தோழர்களே! விடுமுறைக்கு ஊர் போகும்போது பாட்டியின் அருகில் அமருங்கள். அவருடைய தாயின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். காலம் தாழ்த்தினால் சொல்ல ஆள் இராது.