வீதி சமைத்த மேஜர் ஸ்கின்னர்

கொழும்பிலிருந்து கண்டி செல்லும் வீதி அம்பேபுஸ்ஸ, கேகாலை, மாவனெல்லை ஆகிய இடங்களைக் கடந்து கடுகண்ணாவை மலையில் ஏறுகின்றது. சப்ரகமுவ தோட்டங்களில் வாழும் நம்மவரும் மாவனெல்லைப் பகுதி முஸ்லிம் வர்த்தகர்களும் அன்றாடம் பயணிக்கும் இவ்வீதியோடு பிணைந்த பெயர் மேஜர் தோமஸ் ஸ்கின்னர்.

1804ஆம் ஆண்டு நியூபவுண்ட்லாந்தில் பிறந்த ஸ்கின்னர், பீரங்கிப் படை அதிகாரியான தந்தையைத் தேடி 1818இல் திருகோணமலைக்கு வந்தார். மறு ஆண்டு, பதினைந்து வயதில், இலங்கைப் படையணியில் சேர்ந்தார். அப்படையணியில் மலாய் முஸ்லிம் வீரர்கள் பெருந்தொகையினராக இருந்தமை குறிப்பிடத்தக்கது. சீருடைகூடத் தைக்கப்படாத நிலையில், பள்ளிச் சிறுவனின் உடையோடு படைப்பிரிவொன்றை அவர் கண்டிக்கு நடத்திச் சென்றார்.

கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தது. 1818 கிளர்ச்சியும் அடக்கப்பட்டது. மலைநாட்டைக் கட்டியாள வீதிகளே வழி என்பது எட்வர்ட் பார்ன்ஸ் தேசாதிபதியின் முடிவு. 1820இல், வீதியமைப்பைப் பற்றி எதுவுமே அறியாத ஸ்கின்னரிடம் அனுபவமற்ற இருநூறு பேர் ஒப்படைக்கப்பட்டனர். செய்துதான் அவர் தொழிலைக் கற்றார்.

அவரைப் புகழ்வோர் எளிதில் மறப்பது ஒன்றுண்டு. கிராமத்தவரிடமிருந்து இராஜகாரியம் என்ற பெயரில் பெறப்பட்ட கட்டாய உழைப்பும், பயனியர் படையில் சேர்க்கப்பட்ட தென்னிந்தியத் தமிழரின் உழைப்புமே இவ்வீதிகளாயின. 1829இல் இறந்த பொறியியலாளர் கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் உயர்ந்த கோபுரம் நிற்கின்றது. காய்ச்சலில் மடிந்த கூலிகளுக்கு ஒரு நடுகல்லேனும் இல்லை.

1833 முதல் மலைநாட்டை அளந்து வரைபடமாக்கும் பணியும் அவரிடம் வந்தது. இந்துக்கள் சிவனொளிபாதம் என்றும் முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்றும் போற்றும் சிகரத்தைச் சூழ்ந்த அடர்வனமும் அதில் அடங்கும். பாதையற்ற காட்டில் மாதக்கணக்கில் அலைந்து, காய்ச்சலுக்கும் யானைக்கும் தப்பியதை அவர் தமது திறமைக்குரியதாகக் கருதவில்லை. இறைவனின் காப்பென்றே நம்பினார். 1838இல் ஜோர்ஜினா பர்னண்டை மணந்தார். 1841இல் வீதி ஆணையாளரானார்.

வீதிகள் திறந்தன, கோப்பித் தோட்டங்கள் பெருகின; தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து நம் மூதாதையர் கால்நடையாக வந்தனர். அதே வீதிகளின் ஓரத்தில் தவறணைகளும் முளைத்தன. சாராயக் குத்தகை அரசாங்கத்தின் வருமானமன்றோ! கிராமத்தவர் வேண்டாமென்று மன்றாடிய இடங்களிலும் தவறணை திறக்கப்பட்டது.

1848இல் புதிய வரிகளும், ஆண்டுக்கு ஆறு நாள் வேலை அல்லது அதற்கீடான பணம் கோரிய வீதிச் சட்டமும் மாத்தளைக் கிளர்ச்சிக்கு வித்திட்டன. மறு ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றக் குழு விசாரணை நடத்தியபோது, விடுமுறையில் இங்கிலாந்திலிருந்த ஸ்கின்னரும் சாட்சியளித்தார். சுதேசிகளின் சமூக நிலை குறித்து அவர் எழுதிய குறிப்புரை, தாம் சேவைசெய்த அரசாங்கத்தின் மீதே குற்றம் சாட்டியது. வருமானத்துக்காகக் குடியைப் பரப்பி, குடியறியாத மக்களைச் சீரழித்தது ஆட்சியே என்பது அதன் சாரம். அரசாங்கச் சம்பளத்தில் குடும்பம் நடத்திய ஓர் அதிகாரி இதை எழுத்தில் வைப்பது எளிதான காரியமன்று. மதுவை விலக்கிய மார்க்கத்தவருக்கும், தந்தையின் சம்பளம் தவறணையில் கரைவதைக் கண்டு வளர்ந்த லயத்துப் பிள்ளைகளுக்கும் அவரது வீதிகளைவிட இச்சாட்சியமே பெரிதாகத் தோன்றினால் வியப்பில்லை.

ஆட்சியோ அசையவில்லை. 1867இல், கண்டிக்கு ரயில் வந்த அதே ஆண்டில், ஏறத்தாழ 3,000 மைல் வீதிகளை விட்டுச்சென்று ஸ்கின்னர் ஓய்வுபெற்றபோதும் சாராயக் குத்தகை தொடர்ந்தது. 1877இல் அவர் இங்கிலாந்தில் காலமானார். தந்தையின் நினைவுக் குறிப்புகளை மகள் ஆனி 1891இல் நூலாக்கினார். 1849ஆம் ஆண்டின் அந்தக் குறிப்புரையையும் அதில் சேர்த்தே அச்சிட்டார்.